எஸ்எம்எஸ் மோசடி: லிங்கைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும்

"உங்கள் பொதி எமது களஞ்சியத்தை வந்தடைந்துள்ளது. முகவரி முழுமையற்றதால் விநியோகிக்க முடியவில்லை. 12 மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்தவும்." கீழே ஒரு லிங்க். தபால் திணைக்களத்தின் பெயரில் சுற்றும் இந்த வகைச் செய்தியைப் பற்றித் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. ஆனாலும் ஆட்கள் சிக்குகிறார்கள். கொழும்பில் எந்த வாரத்திலும் ஏதாவது ஒரு பார்சலுக்காகக் காத்திருக்கும் வீடுகள் ஏராளம். லண்டனில் இருந்து மகள் அனுப்பியது, டராஸ் இணையக் கடையில் ஓடர் பண்ணியது, அலுவலகத்துக்கு வரவேண்டிய ஆவணம். கண்ணை மூடிக்கொண்டு பல்லாயிரம் பேருக்கு அனுப்பினால் சிலருக்காவது அது அன்றைய நிலைமைக்கு அப்படியே பொருந்திவிடும்.

செய்தியின் தோற்றத்தைப் பார்த்து உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கப் பழகியவர்கள் எளிதில் ஏமாந்துவிடலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றே: செய்தி காட்டும் வழியால் போகாதீர்கள், நீங்கள் ஏற்கெனவே அறிந்த வழியால் போய்ச் சரிபாருங்கள். வங்கி என்று சொன்னால், உங்கள் வங்கி அட்டையின் (காட்) பின்புறம் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். தபால் என்றால் உங்கள் பகுதித் தபாலகத்தில் கேளுங்கள். உண்மையான விஷயமென்றால் அந்த வழியிலும் தெரியவரும். பொய்யென்றால் அங்கே எதுவும் இருக்காது.

பெயரைப் பார்த்து நம்ப முடியாதது ஏன்

எஸ்எம்எஸ் அனுப்புபவரின் இடத்தில் இலக்கத்துக்குப் பதிலாக ஒரு பெயரை வைக்கலாம். இதை இங்கே மாஸ்க் என்பார்கள். அதிகபட்சம் 11 எழுத்துகள். உள்ளூர் நிறுவனங்கள் தொலைபேசி வலையமைப்புகளிடம் பதிந்துதான் பெயரைப் பெறுகின்றன. ஆனால் வெளிநாட்டுச் சேவைகள் ஊடாக வரும் செய்திகளில் போலிப் பெயர்கள் நுழைந்துவிடுவதுண்டு. இதில் பெரிய சிக்கல், உங்கள் போன் செய்திகளைப் பெயரை வைத்தே அடுக்குகிறது. உங்கள் வங்கியின் பெயரோடு போலிச் செய்தி வந்தால், அது நேற்று வந்த உண்மையான ஏடிஎம் அறிவிப்புக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும். "பழைய மெசேஜ்கள் எல்லாம் இதிலேயே இருக்கிறதே" என்பது ஆதாரம் ஆகாது.

பிழையான மொழி இருந்தால் போலி என்று முன்பு சொல்வார்கள். இன்று மொழிபெயர்ப்புக் கருவிகள் தமிழையும் சிங்களத்தையும் ஓரளவு ஒழுங்காகவே எழுதுகின்றன. பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் பிழை இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

நாட்டுக் குறியீடு மட்டும் இன்னும் உதவும். இலங்கை இலக்கங்கள் +94 என்று தொடங்கும். இலங்கைத் தபாலின் பெயரில் வரும் செய்தி வேறு நாட்டு இலக்கத்திலிருந்தோ மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ வந்திருந்தால் மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்லை. ஐபோனில் இன்னொரு தந்திரம் உண்டு. தெரியாதவர் ஐமெசேஜில் அனுப்பும் லிங்க் தொட்டாலும் திறக்காது. அதனால்தான் "வை (Y) என்ற ஆங்கில எழுத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு, செய்தியை மூடித் திரும்பத் திறக்கவும்" என்று கேட்கிறார்கள். நீங்கள் பதில் அனுப்பியதும் ஐபோன் அவரைத் தெரிந்தவராக எடுத்துக்கொண்டு லிங்கைத் திறக்க விடுகிறது. எந்த உண்மையான நிறுவனமும் இப்படிக் கேட்பதில்லை. "நிறுத்து" என்று பதில் போடுவதும் வேண்டாம். உங்கள் இலக்கம் பாவனையில் இருக்கிறது என்பதை அது உறுதிப்படுத்திவிடும்.

லிங்கை வாசிக்கும் முறை

தொடாமல் வாசியுங்கள். முகவரியில் இரண்டு சாய்கோடுகள் கடந்த பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இடப்பக்கமாக, பின்னோக்கி வாசியுங்கள். தளத்தின் உண்மையான சொந்தக்காரர் அந்த முனையில்தான் இருக்கிறார். முன்னால் எத்தனை நல்ல பெயர்கள் இருந்தாலும் அவை அலங்காரமே.

தபால் திணைக்களத்தின் தளம் எஸ்எல்பொஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே என்று முடியும். "ஜிஓவி டொட் எல்கே" என்ற முடிவு அரச நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. மோசடிக்காரர் அதைப் பெற முடியாது என்பதால் அதுபோலத் தோன்றும் ஒன்றைச் செய்கிறார். "எஸ்எல்பொஸ்ட்-ஜிஓவி டொட் டொப்" என்று புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் சிறுகோடு போடுவார். அல்லது "எஸ்எல்பொஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே-ட்ராக் டொட் கொம்" என்று முன்பாதியில் சரியானதை எழுதிவிட்டு முடிவை மாற்றுவார். போனின் திரை ஒடுக்கமானது, முகவரியின் முன்பாதிதான் தெரியும். அவர் நம்பியிருப்பதும் அதைத்தான். வெறும் "டொட் எல்கே" முடிவைப் பணம் கட்டி யாரும் பதியலாம், ஆகவே அது மட்டும் போதாது. பூட்டுப் படமும் போதாது. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் தகவல் மறைகுறியாக்கப்படுகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தளம் திருடனுடையதாகவே இருந்தாலும் பூட்டு இருக்கும்.

சுருக்கிய லிங்குகளில் முடிவைப் பார்க்கவே முடியாது. பணமோ அடையாள அட்டை இலக்கமோ சம்பந்தப்பட்ட விஷயத்தில் சுருக்கிய லிங்க் வந்தால் விட்டுவிடுங்கள்.

பார்சல் செய்திக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. பதிவுத் தபாலுக்கும் வெளிநாட்டுப் பொதிக்கும் உலகெங்கும் ஒரே மாதிரியான 13 குறிகள் கொண்ட இலக்கம் இருக்கும்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. இலங்கையிலிருந்து போவது எல்கே என்றும், பிரித்தானியாவிலிருந்து வருவது ஜிபி என்றும் முடியும். போலிச் செய்திகளில் பெரும்பாலும் அந்த இலக்கமே இருக்காது. இருந்தாலும் இந்த அமைப்புக்குப் பொருந்தாது. பொருந்தினாலும், லிங்கைத் தொடாமல் அனுப்பியவரிடம் இலக்கத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

சின்னத் தொகை ஏன் கேட்கிறார்கள்

பக்கத்தைத் திறந்தால் 85 ரூபாய், 120 ரூபாய் என்று அற்பத் தொகைதான் கேட்கும். அந்தப் பணம் அவர்களுக்குத் தேவையில்லை. காட்டின் 16 இலக்கங்கள், காலாவதித் திகதி, பின்னால் உள்ள மூன்று இலக்கங்கள், பிறகு ஓடிபி என்ற ஒருதடவைக் குறியீடு, இவைதான் தேவை. தொகை சின்னதாக இருந்தால் நீங்கள் யோசிக்க மாட்டீர்கள்.

நீங்கள் காட் விவரத்தை எழுதி அனுப்பியதும் பக்கத்தில் ஒரு சக்கரம் சுற்றும். "செயலாக்கப்படுகிறது, காத்திருக்கவும்" என்று இருக்கும். அந்த நேரத்தில் மறுமுனையில் உங்கள் காட் இலக்கம் ஒரு உண்மையான கடையில் போடப்படுகிறது. உங்கள் வங்கி உண்மையான ஓடிபியை உங்களுக்கு அனுப்புகிறது. போலிப் பக்கம் அதைக் கேட்கிறது. அதாவது ஓடிபி உண்மையான வங்கியிலிருந்தே வருகிறது, அதனால்தான் ஆட்களுக்குச் சந்தேகம் எழுவதில்லை.

இந்த இடத்தில் தப்பிக்க இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஓடிபி செய்தியில் இலக்கத்தை மட்டும் பார்க்காமல் முழுதாக வாசியுங்கள். எந்தக் கடை, எவ்வளவு தொகை, எந்த நாணயம் என்று பல வங்கிகள் அதிலேயே எழுதுகின்றன. பக்கம் 85 ரூபாய் என்கிறது, செய்தி டொலர்க் கணக்கில் வேறொன்றைச் சொல்கிறது என்றால் உடனே மூடுங்கள். உங்கள் காட்டை ஒரு போனின் வொலட்டில் சேர்ப்பதற்கான ஓடிபி என்று இருந்தாலும் அப்படியே. அதைக் கொடுத்துவிட்டால் திருடனின் போனே உங்கள் காட்டாக மாறிவிடும். ஓடிபியைக் கொடுத்த பிறகு "குறியீடு பிழை, புதியதைப் பதிக" என்று வந்தால், முதலாவதைப் பயன்படுத்திவிட்டு இரண்டாவது கொடுக்கல்வாங்கலுக்கு முயல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அபராதம், சுங்கம், நிவாரணம்

போக்குவரத்துத் தண்டப்பணம் செலுத்தவில்லை என்ற செய்தி, அஸ்வெசும கொடுப்பனவுக்கு விவரம் புதுப்பிக்கச் சொல்லும் செய்தி, மின்கட்டணம் கட்டாததால் இன்றிரவு இணைப்புத் துண்டிப்பு என்ற செய்தி எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன வழியே போதும். அரச கொடுப்பனவுகளுக்கான கவ்பே 2025 பெப்ரவரியில் தொடங்கியது. கட்டவேண்டியது இருந்தால் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து அதற்குள்ளிருந்து போங்கள், எஸ்எம்எஸ் லிங்கிலிருந்து போகாதீர்கள். வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பரிசைச் சுங்கம் பிடித்து வைத்திருக்கிறது, இன்ன கணக்கில் பணம் போடுங்கள் என்று வந்தால் அது கட்டாயம் மோசடி. இலங்கைச் சுங்கம் தனிநபரின் வங்கிக் கணக்கில் தீர்வை வசூலிப்பதில்லை.

"அம்மா, இது என்ர புது நம்பர்"

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தாய்தகப்பன் மட்டும் தொடர்மாடியில் இருக்கும் வீடுகள் அதிகம். அவர்களுக்குத்தான் இந்த வகை மிகவும் ஆபத்தானது.

"அம்மா, போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. இது புது நம்பர், பழசை அழிச்சிடுங்கோ."

இதில் லிங்க் இல்லை, பணமும் கேட்கவில்லை. ஒன்றிரண்டு நாள் சுகம் விசாரித்த பிறகுதான் "அவசரமா ஒருத்தருக்குக் காசு போடவேணும், என்ர பேங்க் ஆப் இந்தப் போனில வேலை செய்யுதில்லை" என்று வரும். பணம் போகும் கணக்கு வேறு ஒருவரின் பெயரில் இருக்கும்.

பழைய இலக்கத்தை அழிக்கச் சொல்வதே முதல் எச்சரிக்கை. அழிக்காமல் அந்தப் பழைய இலக்கத்துக்கே எடுங்கள். பதில் இல்லையென்றால் மருமகளுக்கோ, அங்கே இருக்கும் மாமிக்கோ சித்தப்பாவுக்கோ எடுங்கள். குரல் கேட்டால் போதும் என்று இருக்காதீர்கள், சில நொடிக் குரல்பதிவிலிருந்து ஒருவரின் குரலைப் போலச் செய்ய இப்போது முடியும். குடும்பத்துக்குள் ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்கள். முகநூலில் எங்கும் இல்லாத சொல்லாக இருக்கட்டும், செல்லப்பிராணியின் பெயரோ ஊர்ப் பெயரோ வேண்டாம். பணம் பற்றிய பேச்சு வந்தால் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று பிள்ளைகளே பெற்றோரிடம் சொல்லவேண்டும். பெற்றோர் கேட்கத் தயங்குவார்கள், பிள்ளை கோபிக்குமோ என்று. அந்தத் தயக்கத்தைத் தீர்த்து வைப்பது பிள்ளைகளின் கடமை.

வாட்ஸ்அப் குறியீடும் அழைப்புத் திருப்பமும்

தெரிந்தவரின் வாட்ஸ்அப்பிலிருந்து, "தவறுதலாக ஒரு ஆறு இலக்கக் குறியீடு உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று கேட்டால், அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கெனவே பறிபோய்விட்டது. அது உங்கள் கணக்கைத் திறக்கும் குறியீடு.

இதையே குறியீடு கேட்காமலும் செய்கிறார்கள். கூரியர் சேவை என்று பேசி, **21* என்று தொடங்கி ஒரு தொலைபேசி இலக்கமும் # குறியும் கொண்ட தொடரை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த இலக்கத்துக்குத் திரும்பிவிடும். பிறகு வாட்ஸ்அப் குறியீட்டைக் குரல் அழைப்பாகக் கேட்டுப் பெற்றுக்கொள்வார்கள். *#21# அழுத்தினால் திருப்பம் இருக்கிறதா என்று காட்டும். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பங்களும் நீங்கும்.

கணக்குப் போய்விட்டால் உடனே உங்கள் போனில் வாட்ஸ்அப்பில் திரும்பப் பதியுங்கள். எஸ்எம்எஸில் வரும் ஆறு இலக்கத்தைக் கொடுத்ததும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இருபடிச் சரிபார்ப்புக்கான பின் (PIN) இலக்கம் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க நேரும், ஆனால் அந்த நாட்களில் அவனும் உள்ளே இருக்க முடியாது. காத்திருக்கும்போது உறவினர், நண்பர் எல்லோருக்கும் சாதாரண அழைப்பில் சொல்லிவிடுங்கள். அவர்களிடம் உங்கள் பெயரில் பணம் கேட்பதுதான் அடுத்த வேலை.

பகுதிநேர வேலையும் வாடகைக் கணக்கும்

யூடியூப் காணொளிக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கும் செய்தி, முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே தரும். பிறகு டெலிகிராம் குழு, "முற்பணம் போட்டால் கூடிய இலாபம்", கடைசியில் உங்கள் பணத்தை எடுக்க "வரி" கட்டச் சொல்வது. சம்பளம் பெற நீங்கள் பணம் கட்டவேண்டிய வேலை வேலையே அல்ல. 2024 ஜூனில் மடிவெல, பத்தரமுல்லை, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் நடந்த சுற்றிவளைப்புகளில் சிஐடியினர் கைது செய்த கும்பலும் சமூக ஊடக வேலைக்குப் பணம் என்று சொல்லியே ஆட்களைச் சேர்த்திருந்தது.

போர்டிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயங்கரமான ஒன்று: "உங்கள் கணக்குக்குப் பணம் வரும், கழிவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மாற்றி அனுப்புங்கள்." வருவது இன்னொருவரிடம் திருடிய பணம். பொலிஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் பெயரில்தான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணச்சலவைத் தடுப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். உண்டியல் மூலம், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் வழியாக, வெளிநாட்டுப் பணம் பெறுபவர்களும் கவனிக்கவேண்டும். தெரியாத ஒருவர் உங்கள் கணக்கில் வைப்பிடும் பணம் மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம்.

ஒரு அரைமணி நேரம் ஒதுக்கிச் செய்யவேண்டியவை

வங்கிச் செயலியில் நாளாந்தப் பரிமாற்ற வரம்பை உங்கள் தேவை அளவுக்குக் குறையுங்கள். மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் அனுப்பாதவருக்கு இலட்சக்கணக்கில் வரம்பு தேவையில்லை. இணையக் கொள்வனவையும் வெளிநாட்டுப் பாவனையையும் பல வங்கிகளின் செயலியிலேயே நிறுத்தி வைக்கலாம், தேவைப்படும்போது திறக்கலாம். சம்பளம் விழும் கணக்கின் டெபிட் காட்டை இணையத்தில் பாவிக்கவே வேண்டாம். சிறு தொகை மட்டும் வைத்த தனிக் கணக்கொன்றின் காட் போதும்.

வாட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கப் பின் போடுங்கள். அன்ட்ரொயிட் போனில் "தெரியாத செயலிகளை நிறுவுதல்" என்ற அனுமதியைக் குரோம், வாட்ஸ்அப் உட்பட எல்லாவற்றுக்கும் மூடுங்கள். பூட்டிய திரையில் எஸ்எம்எஸ் உள்ளடக்கம் தெரியாதபடி வையுங்கள். சிம்முக்கும் பின் போடலாம், ஆனால் மூன்று முறை பிழைத்தால் பியூகே என்ற திறப்புக் குறியீட்டைக் கேட்கும், அதையும் பத்து முறை பிழைத்தால் சிம் செத்துவிடும். ஆகவே எழுதி வையுங்கள். சிம் உங்கள் பெயரில் இல்லாமல் பழைய வீட்டுக்காரரின் பெயரிலோ அண்ணாவின் பெயரிலோ இருந்தால் அடையாள அட்டையோடு சேவை நிலையத்துக்குப் போய் மாற்றுங்கள். சிக்கல் வரும் நாளில் மாற்ற நேரம் கிடைக்காது.

காட்டின் பின்னால் உள்ள வங்கி இலக்கத்தைத் தாளிலும் எழுதி வையுங்கள். போன் கையில் இல்லாத நேரத்தில்தான் அது தேவைப்படும்.

தொட்டுவிட்டால்

லிங்கைத் திறந்தது மட்டும் என்றால் பெரும்பாலும் சேதம் இல்லை. பக்கத்தை மூடுங்கள். ஏதாவது கோப்பு இறங்கியிருந்தால் திறக்காமல் அழியுங்கள்.

காட் இலக்கம் கொடுத்துவிட்டீர்கள், ஓடிபி கொடுக்கவில்லை. "தப்பிவிட்டேன்" என்று இருக்காதீர்கள். ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும் வெளிநாட்டுக் கடைகள் உண்டு. வங்கிக்கு எடுத்துக் காட்டை நிறுத்தி, புதிய காட் கேளுங்கள்.

ஓடிபியோ வங்கிக் கடவுச்சொல்லோ போய்விட்டால் நிமிடங்கள்தான் முக்கியம். சீஃப்ட்ஸ் முறையில் வங்கிவிட்டு வங்கிக்குப் பணம் உடனே போய்ச் சேரும். அங்கிருந்து அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பிடிக்கவேண்டும். வங்கியிடம் மூன்றைச் சொல்லுங்கள்: காட்டையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்குங்கள், பணம் போன வங்கிக்கு உடனே அறிவித்து நிறுத்தி வைக்கக் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கம் தாருங்கள். பிறகு இன்னொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, புதிதாகச் சேர்த்த பெறுநர்களும் கருவிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விடியட்டும், கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காட்டின் பின்னால் உள்ள இலக்கம் இரவிலும் வேலை செய்யும்.

லிங்க் தந்த செயலி ஒன்றை நிறுவிவிட்டால், போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி வைஃபையையும் நிறுத்துங்கள். அந்தப் போனில் வங்கிக்கு எடுக்க வேண்டாம். அழைப்பையே வேறிடம் திருப்பும் செயலிகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து எடுங்கள். பிறகு அந்தச் செயலிக்குக் கொடுத்த அணுகல்தன்மை, கருவி நிர்வாகி அனுமதிகளை முதலில் எடுத்துவிட்டு நீக்குங்கள். அனுமதியை எடுக்காமல் நீக்கப் பார்த்தால் பல செயலிகள் நீங்காது. பாதுகாப்புப் பயன்முறையிலும் முடியாவிட்டால் படங்களைப் பிரதியெடுத்துவிட்டுப் போனைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள்.

போனில் சிக்னல் காரணமின்றிப் போய், பக்கத்தில் அதே வலையமைப்பு வைத்திருப்பவருக்கு இருந்தால், உங்கள் இலக்கத்தில் வேறு சிம் எடுத்திருக்கக்கூடும். வங்கிக்கு முதலில், சேவை நிலையத்துக்கு அடுத்ததாக.

முறைப்பாடு

கோபத்தில் செய்தியை அழித்துவிடாதீர்கள். அனுப்பியவரின் பெயர், திகதி, நேரம், முழு லிங்க் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பணம் போன கணக்கு இலக்கம், பரிமாற்றக் குறிப்பு இலக்கம், வங்கி தந்த முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள்.

போலித் தளத்தை, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். பணம் போயிருந்தால் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலோ சிஐடியின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலோ முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், காட் மோசடிக்கு 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. வங்கி ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்றால் எழுத்துமூலம் கேட்டு, பதில் திருப்தி இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் பிரிவுக்கு 1935இல் அறிவிக்கலாம்.

பணத்தை இழந்த சில வாரங்களில், "உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள்" என்று சிஐடி பெயரிலோ சட்டத்தரணி பெயரிலோ அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் கையிலிருப்பவர்கள்தான் அப்படி எடுக்கிறார்கள். பொலிஸ் பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் கேட்பதில்லை.

பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பமிட வேண்டாம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அழைத்துப்போய் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகையும் கணக்கு இலக்கமும் நேரமும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். முறைப்பாட்டின் பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பிரதியை அன்றே வங்கிக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்குங்கள்.